கதை நடக்கிற இடமும் சொல்கிற ஆளும்: இளையோர் நாவல்களில் கரு எங்கே உருவாகிறது?

வாசகர் கேள்வி, ஜூன் 7

இளையோர் நாவல் என்று பேச்செடுத்தாலே களம், நோக்குநிலை என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். எனக்கு அதெல்லாம் மேல்பூச்சாகத்தான் தெரிகிறது. சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். கொடுங்கோல் அரசை எதிர்த்து நிற்கும் ஒரு பெண்ணின் கதை. அவளே சொன்னாலும் அதுதான் கரு, வேறு யார் சொன்னாலும் அதுதான். நிலக்கரிச் சுரங்க ஊருக்குப் பதிலாக மீனவ ஊரில் அவளைப் பிறக்க வைத்தாலும் ஒன்றும் மாறாது. படம் பார்த்தவரும் புத்தகம் படித்தவரும் ஒரே கதையைத்தானே சொல்கிறார்கள்?

ஜூன் 7, இரவு

மீனவ ஊர் அந்த நாவலிலேயே இருக்கிறது. 4வது மாவட்டம். ஒருவர் மட்டும் உயிரோடு மிஞ்சும்வரை பிள்ளைகளை மோதவிட்டு அரசு நடத்துகிற போட்டிதான் கதை; அங்கே பிள்ளைகள் அந்தப் போட்டிக்கென்றே பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறார்கள், வெல்வது பெருமை என்று வளர்கிறார்கள். கதை நாயகி காட்னிஸ் அங்கே பிறந்திருந்தால் தங்கைக்குப் பதிலாக முன்வந்த செயலுக்கு இந்தக் கனம் இருந்திருக்காது. அவளுடைய 12வது மாவட்டத்தில், அந்தச் சுரங்க ஊரில், பசி இருக்கிறது. கூடுதல் தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால் போட்டிக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் உங்கள் பெயரைக் கூடுதலாகப் போட ஒப்புக்கொள்ள வேண்டும். 16 வயது காட்னிஸின் பெயர் 20 முறை இருக்கிறது, தங்கை பிரிம்மின் பெயர் ஒரே ஒரு முறை. அந்த ஒரு சீட்டுதான் வருகிறது. ஏழை வீட்டுப் பிள்ளை எண்ணெய்க்காகத் தன் உயிரைப் பணயம் வைக்கிற ஊர் என்பதால்தான் 'நான் போகிறேன்' என்ற சொல்லுக்கு அவ்வளவு பொருள் வருகிறது. சுரங்கத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு வீரச்செயல். அதுவும் நல்லதுதான், ஆனால் வேறு கரு.

ஜூன் 8

நேற்று படம் பற்றிச் சொல்லாமல் விட்டேன். இதுதான் எனக்கு முக்கியமான இடம்.

புத்தகம் 2008, படம் 2012. புத்தகம் முழுக்க காட்னிஸ் தன்மையில், நிகழ்காலத்தில் பேசுகிறாள். அவளுக்குத் தெரியாத எதுவும் நமக்கும் தெரியாது. போட்டி நடக்கும் இடத்தில் தாகத்தால் துவண்டு கிடக்கும்போது, வெளியிலிருந்து பரிசாகப் பொருள் அனுப்பக்கூடிய அவள் வழிகாட்டி ஹேமிட்ச் ஏன் தண்ணீர் அனுப்பவில்லை என்று யோசிக்கிறாள். குடிகாரன், மறந்துவிட்டானா? இல்லை, தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால்தான் அனுப்பவில்லை என்று புரிந்துகொள்கிறாள். ஒரு சொல்கூட இல்லாமல் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பேச்சு நடக்கிறது. படத்தில் பரிசோடு துண்டுச்சீட்டு வருகிறது. கட்டுப்பாட்டு அறை வருகிறது, அதிபர் ஸ்னோ வந்து பேசுகிறார், போட்டியில் அவளோடு கூட்டு சேர்ந்த சிறுமி ரூ இறந்ததும், ரூவின் ஊரான 11வது மாவட்டத்தில் கலவரம் வெடிப்பதைக் காட்டுகிறார்கள். புத்தகத்தில் அந்தக் கலவரம் நம் கண்ணில் படாது. 11வது மாவட்டத்திலிருந்து ஒரு ரொட்டி வந்து இறங்கும், அவ்வளவுதான். அந்த ரொட்டிக்குப் பின்னால் எத்தனை ஏழைகளின் காசு இருக்கும் என்று அவள் கணக்குப் போடுவாள், கூடவே நாமும்.

ஆக, படத்தின் கரு அரசும் எதிர்ப்பும்தான். அதில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் புத்தகத்தில் அதற்கு முன்னால் வேறொன்று நிற்கிறது: எப்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது என் மனதில் இருப்பது எது, நடிப்பு எது? தன் ஊரிலிருந்தே போட்டிக்கு வந்த பீட்டாவை முத்தமிடும்போது அது பார்ப்பவர்களைக் கவர்ந்து சூப் வாங்குவதற்காகவா, பிடித்துத்தானா என்பது அவளுக்கே குழப்பம். அவள் மண்டைக்குள் நாம் இருப்பதால்தான் அந்தக் குழப்பம் நம்முடையதாகிறது. திரையில் அதே முத்தம் காதல் காட்சியாகத் தெரிகிறது. படித்த பெண்பிள்ளைகள் பலர் என்னிடம் முதலில் பேசியது இதைப் பற்றித்தான், அதிபரைப் பற்றி அல்ல.

ஜூன் 10

அமெரிக்க உதாரணமாகவே சொல்கிறீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம். நம் பக்கமே கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று இருக்கிறது: பூமணியின் 'வெக்கை' (1982), அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த 'அசுரன்' (2019).

'வெக்கை'யில் சிதம்பரத்துக்கு 15 வயது. அண்ணனைக் கொன்றவனின் வலது கையை மட்டும் வெட்டத்தான் நினைத்திருந்தான், கொலையே ஆகிவிடுகிறது. அதோடுதான் நாவல் தொடங்குகிறது. அப்புறம் முழுக்க அப்பாவும் மகனும் காட்டில். படர்க்கையில்தான் சொல்கிறார் பூமணி, ஆனால் பையன் தோளை விட்டு விலகுவதே இல்லை. அவன் பசி, அவன் பயம், அம்மா நினைப்பு, தூக்கம். எதைத் தின்னலாம், எங்கே படுக்கலாம், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று காட்டைப் படித்துக்கொண்டே போகிறார்கள். நான் கரிசல்காட்டுக்காரன், எட்டயபுரம் பக்கம் வளர்ந்தவன். அந்தப் பக்கங்களில் ஓடையும் புதரும் வெயிலும் வருகிற விதத்தை எந்த வரைபடத்தை விடவும் நம்புவேன். கொலையைப் பற்றி உபதேசம் கிடையாது. ஒரு கொலைக்குப் பிறகு ஒரு பையனுக்குப் பசிக்கிறது, அப்பா எதையாவது தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறார். இதுதான் நாவலின் மையம் என்பது என் எண்ணம்: மகன் செய்ததை அப்பா எப்படிச் சுமக்கிறார், அதைப் பார்த்துக்கொண்டே மகன் எப்படி வளர்கிறான்.

'அசுரன்' அந்த மையத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டது. தனுஷ் செய்த சிவசாமிக்கு ஒரு பெரிய முன்கதை வருகிறது, அவர் இழந்த குடும்பம் வருகிறது, அவர் ஏன் அடங்கிப் போகிறார் என்பது விளங்குகிறது. கடைசியில் பழியைத் தானே ஏற்றுக்கொள்ளப் போகும்போது மகனுக்குப் படிப்பைப் பற்றிச் சொல்கிறார். நாவலில் இருவரும் சரணடையத்தான் போகிறார்கள். அங்கே பையனைச் சிறுவன் என்று ஒதுக்கிக் காப்பாற்றும் ஏற்பாடு இல்லை. இரண்டும் எனக்கு வேண்டியவைதான், எது உசத்தி என்று சண்டை போட வரவில்லை. ஆனால் ஒரே கொலை, ஒரே காடு, ஒரே அப்பா மகன். கண் இடம் மாறியதும் ஒன்றில் வளர்வது கருவாகிறது, மற்றதில் பொறுத்துப்போனவன் திருப்பி அடிப்பது கருவாகிறது. படத்தைப் பார்த்துவிட்டு வந்த பதினைந்து வயதுப் பையன் அப்பாவை நினைப்பான். நாவலைப் படித்தால் தன்னை நினைப்பான்.

ஜூன் 10, கொஞ்ச நேரம் கழித்து

'வெக்கை' இளையோர் நாவலே இல்லையே என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பெயரில் அது வெளியாகவில்லை, உண்மை. தமிழில் அப்படி ஒரு தட்டே நூலகங்களில் சரியாக இல்லை. சிறுவர் நூல், அடுத்தது நேராக நாவல். நடுவில் இருக்கும் 14 வயதுக்காரர் எந்தத் தட்டின் முன்னால் நிற்பார்? இந்தக் குறை எனக்குப் பெரிய ஆதங்கம்.

அப்புறம், தட்டை வைத்து முடிவு செய்தால் இன்னொரு சிக்கல். மார்கஸ் ஜூசாக்கின் 'தி புக் தீஃப்' ஆஸ்திரேலியாவில் 2005இல் பெரியவர்களுக்கான நாவலாக வந்தது, அடுத்த வருடம் அமெரிக்காவில் இளையோர் நூலாக வந்தது. உள்ளே இருப்பது அதே கதைதான்.

ஜூன் 12

இப்போது என் கட்சியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், மறுப்பவர்கள் இதை மறுக்கலாம். இளையோர் நாவலில் இடம் என்பது இயற்கை வர்ணனை அல்ல. இடம் என்றால் அனுமதி. யார் எங்கே போகலாம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், எந்தத் தெருவில் நின்றால் 'இங்கே என்ன வேலை?' என்று கேட்பார்கள். நோக்குநிலை என்றால் அந்தக் கோட்டைத் தாண்டியதற்கு விலை கொடுப்பவர் யார் என்பது. இந்த இரண்டையும் எழுத்தாளர் முடிவு செய்த கணமே கரு பாதி எழுதப்பட்டுவிட்டது. பெரியவர்களுக்கான நாவலில் ஆள் ஊரை விட்டே போய்விடலாம், வேலையை விடலாம், வீடு மாற்றலாம். 15 வயதில் அது முடியாது. வைத்த இடத்தில் இருந்தாக வேண்டும். அதனால்தான் அந்த வயதுக் கதையில் இடம் இவ்வளவு அழுத்துகிறது.

எங்கள் ஊரில் எந்தத் தெருவில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகலாம், எங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தராமலே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. என்னோடு படித்த ஒருவன் இறங்காமல் போய்விட்டு அடி வாங்கி வந்தான். அன்று வகுப்பில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, ஆசிரியரும் கேட்கவில்லை. அவன் சொல்லியிருந்தால் அது ஒரு நாவல். தெருவில் நின்று பார்த்த நான் சொன்னால் அது வேறொரு நாவல், என் மௌனத்தைப் பற்றியது.

இதை மனதில் வைத்துக்கொண்டு எஸ்.ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' (1967) படியுங்கள். ஒக்லஹோமாவில் டல்சா நகரத்துப் பெண். 15 வயதில் எழுதத் தொடங்கி, புத்தகம் வரும்போது 18 வயது. ஆண் பையன் சொல்லும் கதையைப் பெண் எழுதியிருக்கிறாள் என்றால் விமர்சகர்கள் மதிக்க மாட்டார்கள் என்று பதிப்பகம் நினைத்ததால்தான் பெயர் முதலெழுத்துகளாகச் சுருங்கியது. ஊரின் கிழக்குப் பக்கம் ஏழைப் பையன்கள், மேற்குப் பக்கம் பணக்காரப் பையன்கள். சொல்பவன் 14 வயது போனிபாய், கிழக்குப் பக்கத்தவன். மேற்குப் பக்கத்துப் பெண் செர்ரி தன் வீட்டிலிருந்து பார்க்கிற அந்திச் சூரியனும், தான் பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்க்கிற சூரியனும் ஒன்றுதான் என்று அவனுக்கு உறைக்கும் ஓர் இடம் உண்டு. செர்ரி அதைச் சொல்லியிருந்தால் ஆறுதல் வார்த்தையாகப் போயிருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் அடி வாங்குகிறவன் சொல்வதால் அதில் ஒரு கேள்வி இருக்கிறது.

ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யூ கிவ்' (2017) இதை இன்னும் இறுக்குகிறது. 16 வயது ஸ்டாருக்கு இரண்டு இடங்கள்: கறுப்பினத்தவர் வாழும் கார்டன் ஹைட்ஸ், வெள்ளையர் பிள்ளைகள் நிறைந்த வில்லியம்சன் பள்ளி. பள்ளிக்குள் நுழைந்ததும் பேச்சு மாறும், கோபத்தை விழுங்க வேண்டும். நண்பன் காலிலைச் சுட்டுக் கொன்ற போலீஸ்காரரை அவள் பெயரால் குறிப்பிடுவதில்லை. பேட்ஜ் எண்ணைச் சொல்லி 115 என்கிறாள். செய்திகளோ அந்த அதிகாரியை ஒரு மனிதராகவும் காலிலை ஒரு சந்தேக நபராகவும் காட்டுகின்றன. யாருக்குப் பெயர், யாருக்கு எண் என்பதைச் சொல்பவள் தலைகீழாக்குகிறாள். பத்திரிகைச் செய்தி நடையில் படர்க்கையில் எழுதியிருந்தால் இது வந்திருக்காது.

ஜூன் 13

பத்மா வெங்கட்ராமனின் 'க்ளைம்பிங் தி ஸ்டேர்ஸ்' (2008) நேற்றே வந்திருக்க வேண்டும். சென்னையில் வளர்ந்து அமெரிக்காவில் வாழ்பவர். 1941. பம்பாயில் சுதந்திரமாக வளர்ந்த 15 வயது வித்யா, போலீஸ் தடியடியில் அப்பா செயலிழந்துபோன பிறகு மதராஸில் தாத்தா வீட்டுக்கு வருகிறாள். அந்தக் கூட்டுக்குடும்பத்தில் கீழ்த்தளம் பெண்களுக்கு, மாடி ஆண்களுக்கு. நூலகம் மாடியில். வெளியே உலகப்போர், விடுதலைப் போராட்டம், அத்தனையும் ஒரு மாடிப்படிக்குள் வந்து நின்றுவிடுகிறது. அவள் அண்ணன் சொல்லியிருந்தால் அந்தப் படி கண்ணில்கூடப் பட்டிருக்காது. அவன் தினமும் ஏறி இறங்குகிற படி.

ஜூன் 15

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இடம் என்றால் அனுமதி என்று நிறுத்திவிட்டால் போதாது. அனுமதி எட்டாத இடம் ஒன்றும் இந்த நாவல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. காட்னிஸுக்கு வேலிக்கு அப்பால் காடு. நாள் முழுக்க மின்சாரம் ஓட வேண்டிய வேலி, பெரும்பாலும் ஓடுவதில்லை. போனிபாயும் அவன் நண்பன் ஜானியும் ஓடிப்போய் ஒளிகிற பாழடைந்த தேவாலயம். சிதம்பரத்துக்கு அவன் காடு. அங்கே போனதும் பேச்சே மாறிவிடுகிறது. தெருச்சண்டைக்காரப் பையன்கள் தேவாலயத்தில் உட்கார்ந்து நாவலை வாசித்துக் காட்டுகிறார்கள், கவிதை பேசுகிறார்கள். ஊருக்குள் அப்பா அப்பாதான், மகன் மகன்தான். காட்டில் இருவரும் கிட்டத்தட்ட கூட்டாளிகள். பெரியவர்களின் கண் படாத ஒரு துண்டு நிலம் கிடைத்தால்தான் இந்தப் பிள்ளைகள் தங்களைப் பற்றிப் பேசவே தொடங்குகிறார்கள். கரு பல சமயம் அங்கேதான் வாய் திறக்கிறது. திரும்பி ஊருக்கு வந்தால் மறுபடி அடி விழுகிறது.

ஜூன் 15, இரவு

'தி புக் தீஃப்' சொல்வது மரணம், அதற்கு எங்கேயும் போக அனுமதி உண்டே, உங்கள் கட்சி உடைகிறதே என்று ஒரு நண்பர் பிடித்துவிட்டார். நல்ல பிடி. மியூனிக் அருகே ஒரு கற்பனை ஊர், ஒரே ஒரு தெரு, லீசல் என்ற சிறுமி. தெருவைத் தாண்ட முடியாதவளின் கதையை எல்லைகளே இல்லாத ஒன்று சொல்கிறது. யார் சாகப்போகிறார்கள் என்பதைக்கூட முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பிழைப்பார்களா என்ற படபடப்பு போய்விடுவதால், இருக்கிற நாட்களில் அவள் என்ன செய்தாள், எதைப் படித்தாள், யாருக்குப் படித்துக் காட்டினாள் என்பது பெரிதாகிறது. ஆகவே என் கட்சியில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: சொல்பவருக்கும் நடந்ததற்கும் நடுவில் எவ்வளவு காலம் ஓடியிருக்கிறது என்பதும் கணக்கில் வரும்.

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) நாவலில் ஸ்கவுட் சின்னப் பெண். ஆனால் பேசுவது வளர்ந்துவிட்ட ஸ்கவுட். என்ன நடந்தது, அதற்கு என்ன பொருள் என்று அந்தக் குரலுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் ஊரைப் பரிவோடு பார்க்க முடிகிறது. காட்னிஸுக்கும் ஸ்டாருக்கும் அந்த வசதி கிடையாது, அடுத்த நிமிடமே தெரியாது. குழந்தை நாயகியாக இருந்தால் மட்டும் அது இளையோர் நாவலாகிவிடாது என்று நான் நினைப்பது இதனால்தான். திரும்பிப் பார்ப்பவர் கதையின் கரு பெரும்பாலும் இழந்துபோனதைப் பற்றியது. இன்னும் உள்ளே மாட்டிக்கொண்டிருப்பவர் கதையின் கரு என்ன செய்வது என்பதைப் பற்றியது.

ஜூன் 18

ஞாயிறுதோறும் கிளை நூலகத்தில் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிறோம். வால்டர் டீன் மையர்ஸின் 'மான்ஸ்டர்' (1999) பற்றிப் பேசிய நாள் நூலகர் விளக்கை அணைக்கும்வரை ஓயவில்லை. இளையோர் நூல்களுக்கான பிரின்ட்ஸ் விருது 2000இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது, அதை வாங்கியது இந்த நூல்தான். ஹார்லெமைச் சேர்ந்த 16 வயது ஸ்டீவ் ஒரு கடைக் கொள்ளையில் நடந்த கொலைக்காகச் சிறையில் இருக்கிறான். குற்றம் நடப்பதற்கு முன் கடைக்குள் போய் நோட்டம் பார்த்தான் என்பது குற்றச்சாட்டு. அவன் தன் வழக்கைத் திரைக்கதையாக எழுதுகிறான்: கேமரா இங்கே, குளோசப் அங்கே. நடுநடுவே கையெழுத்தில் நாட்குறிப்பு.

திரைக்கதையில் 'நான்' இல்லை. ஸ்டீவ் என்று ஒரு பாத்திரம் இருக்கிறது. அவன் ஏன் அப்படி எழுதுகிறான் என்று கேட்டேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 'படமா எடுத்தா அவன் பார்க்கிற ஆளா ஆயிடலாம் சார், செஞ்ச ஆளா இருக்க வேணாம்' என்றாள். என்னிடம் அதைவிட நல்ல பதில் இல்லை. பையன்கள் அவன் குற்றவாளியா இல்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். விடுதலையான பிறகும் அவனுடைய வழக்கறிஞர் அவன் அணைக்க வரும்போது திரும்பிக்கொள்கிறார். அவர் எதைப் பார்த்தார் என்று அவனுக்கும் தெரியாது. சிறை என்ற களம் எல்லோரும் அவனைப் பார்க்கிற இடம், அதனால் அவனும் தன்னை வெளியிலிருந்தே பார்க்கப் பழகுகிறான். களமும் நோக்குநிலையும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கொண்ட இன்னொரு நூலை நான் படித்ததில்லை.

ஜூன் 19

ஹங்கர் கேம்ஸுக்குத் திரும்புகிறேன், கேள்வி கேட்டவருக்கு அதுதானே சாட்சி. காலின்ஸ் 2020இல் அதே உலகத்தை மறுபடி எழுதினார், இந்த முறை தலைநகரத்திலிருந்து. மையத்தில் இருப்பவன் 18 வயது ஸ்னோ, பிற்காலத்து அதிபர். இங்கே தன்மையை விட்டுவிட்டுப் படர்க்கைக்குப் போய்விட்டார். எனக்குப் பட்ட காரணம்: காட்னிஸின் 'நான்' நம்மைச் சேர்த்துக்கொள்ளும் 'நான்'. ஸ்னோவோடு நாம் நெருங்கி நடக்கலாம், ஆனால் அவனாக ஆகிவிடக் கூடாது. ஒவ்வொரு துரோகத்துக்கும் அவன் தனக்கே நியாயம் சொல்லிக்கொள்வதை ஓரடி தள்ளி நின்று பார்க்கிறோம். அதே போட்டி, அதே நாடு. கரு இப்போது ஒருவன் படிப்படியாகக் கொடியவனாவது. 2025இல் ஹேமிட்சின் கதையை எழுதும்போது மறுபடி தன்மைக்கு வந்துவிட்டார்.

ஜூன் 21

பத்மா வெங்கட்ராமனின் 'தி பிரிட்ஜ் ஹோம்' (2019) பற்றிக் கேட்டவருக்கு. கொஞ்சம் சின்ன வயதுக்கானது, 10 வயதிலிருந்து படிக்கலாம். அப்பாவின் அடிக்குத் தப்பி ஓடிவந்த இரு சகோதரிகள், சென்னையில் கைவிடப்பட்ட ஒரு பாலம், குப்பை பொறுக்கிப் பிழைக்கும் நாட்கள். தங்கை விஜி அக்கா ருக்குவை 'நீ' என்று கூப்பிட்டுச் சொல்லும் கதை. முன்னிலையில் ஒரு நாவல் முழுவதும் போவது அபூர்வம். வாசகருக்கு விளக்கினால் வறுமையைப் பற்றிய புத்தகமாகியிருக்கும். அக்காவிடம் பேசுவதால் பாசத்தைப் பற்றியதாக இருக்கிறது. ஏன் அக்காவிடம் பேசுகிறாள் என்பதைப் படித்தே தெரிந்துகொள்ளுங்கள்.

ஜூன் 24

பிள்ளைகளை எழுதவைக்க ஏதாவது பயிற்சி உண்டா என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். எங்கள் வாசிப்புக் குழுவில் செய்ததைச் சொல்கிறேன். 'இரவு 8 மணிக்கு அண்ணாச்சி கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கி வர வேண்டும். தன்மையில் ஒரு பக்கம் எழுது.' வேறு எதுவும் சொல்லவில்லை, கரு என்ற சொல்லே வரவில்லை.

பையன்கள் எழுதியதில் தெருவே இல்லை. கடை, மீதிச் சில்லறையில் வாங்கிய மிட்டாய், வழியில் கண்ட நண்பன், கிரிக்கெட். பெண்பிள்ளைகள் எழுதியதில் கடை கடைசி இரண்டு வரியில்தான் வந்தது. அதுவரை தெரு: எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, மூலையில் பைக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் யார், துப்பட்டா, அம்மா வாசலில் நிற்கிறாளா. ஒருத்தி தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனதாக எழுதியிருந்தாள், தம்பிக்கு ஆறு வயது. தெரு ஒன்றுதான், தீப்பெட்டியும் ஒன்றுதான். தாள்களை மாற்றிக்கொண்டு படிக்கச் சொன்னேன். ஒரு பையன் நெடுநேரம் கழித்து, 'எட்டு மணி இவ்ளோ லேட்டா?' என்று கேட்டான். அடுத்த வாரம் இடம் மாற்றி எழுதவைத்தேன், பையன்கள் பெண் குரலில், பெண்கள் பையன் குரலில். பெண்பிள்ளைகள் பையன் குரலில் எழுதிய பக்கங்களில்தான் அதிகச் சிரிப்பும் ஓட்டமும் இருந்தன, அவர்கள் கதையில் தெருவில் ஓடினார்கள்.

டீச்சர், அதையே செய்து பாருங்கள். பிள்ளைகள் பெயரைத் தாளில் எழுத வேண்டாம் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் உண்மையாக எழுதுவார்கள். படிக்கக் கொடுப்பதானால் ஒன்பதாம் வகுப்புக்கு 'தி அவுட்சைடர்ஸ்', எளிய ஆங்கிலம். 'மான்ஸ்டர்' பதினொன்றாம் வகுப்புக்கு, கூட உட்கார்ந்து பேச ஒருவர் இருந்தால். 'வெக்கை'யை வயது பார்க்காமல் கொடுங்கள், ஆனால் படம் பார்க்கும் முன்னால்.